ஏற்றுமதி ரகம்

என் வேலை கேட்பது.
கிருஷ்ணகிரி தாண்டி ஜெகதேவி சாலையில்
கிரானைட் பலகையைச் சிறு சுத்தியலால் தட்டுவேன்.
'டங்' என்றால் கப்பல்.
'டப்' என்றால் உள்ளே விரிசல், தள்ளு ஓரமாய்.
பதினேழு வருடம்.
அறுக்கும் வாள் பக்கம் நின்ற இடது காது
இப்போது பாதிதான் காது.

இப்படிப்பட்டவனை
எலத்தகிரி மாதா கோயில் மண்டபத்துக்கு
இழுத்துப்போனான் லோடிங் செபஸ்தியான்.
அவன் தங்கச்சி பெர்னதெத் கிட்டார் வாசிக்கிறாளாம்.
"பாட்டு உண்டா?" இல்லை.
"டிரம்?" இல்லை.
"பின்னே எதுக்குடா ஒன்றரை மணி நேரம்?"

போனால், இழவு வீடு மாதிரி எல்லாரும் நிற்கிறார்கள்.
வலது கை மோதிர விரல் நகத்தில்
பஸ் கம்பி இடித்து ஒரு பிசிறு.
குறுநொய் அளவு.
'நகம்தானே' என்று சொல்லத் திறந்த வாயை
அவள் முகம் பார்த்து மூடிக்கொண்டேன்.
"மெருகுத் தாள் கிடைக்குமா அண்ணா?
ரொம்ப நைஸா?"

அட, இது என் பாஷை.
வண்டிப் பெட்டியில் எப்போதும் கிடக்கும்
எண்ணூறு, ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம்.
கல்லை முகம் பார்க்க வைக்கிற கடைசித் தாளைக்
கிழித்துக் கொடுத்தேன்.
தண்ணீர் தொட்டுத் தேய்த்தாள்.
உதட்டில் வைத்துச் சொரசொரப்புப் பார்த்தாள்.
நான் கல்லைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன்.
அதைச் சொல்லவில்லை.

இரண்டு பெட்டி, இரண்டு கிட்டார்.
ஒன்றுக்கு தேவதாரு முகம், பழுத்த மாங்கதுப்பு நிறம்.
மற்றது வெளுப்பு, பனிமலை மரமாம்.
இரண்டுக்கும் முதுகு ஈட்டி.
"நம்ம மலை மரம்தான் அண்ணா,
கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்திருக்கு."
எங்கள் கல் போனால் திரும்பாது.
எவன் வீட்டிலோ சமையல் மேடை ஆகிவிடும்.

"தட்டிப் பார்க்கலாமா?"
செபஸ்தியான் என் தொடையைக் கிள்ளினான்.
அவள் முதுகைத் திருப்பி நீட்டினாள்.
நடுவிரல் கணுவால், மெல்ல.
கல் தட்டினால் 'இருக்கிறேன்' என்று சொல்லும், அவ்வளவுதான்.
இது 'யாரு?' என்று கேட்டது.

மைக் வேண்டாம் என்றாள்.
ஃபேனையும் நிறுத்தச் சொன்னாள், மே மாதத்தில்.
நோட்டீஸால் விசிறிக்கொண்டிருந்த முப்பது பேர்
ஒவ்வொருவராய் விசிறுவதை மறந்தார்கள்.

இடது கை,
பால் சிந்தாமல் காம்பறுக்கும் மாங்காய்க்காரன் கை.
வலது கட்டைவிரல் ஒரு கதை சொல்ல
மற்ற மூன்றும் ஒரே கம்பியில்
மாறி மாறி, மாறி மாறி,
எது எப்போது தொட்டதென்று தெரியாமல்.
ஆயிரம் கீறல் சேர்ந்ததுதான் மினுமினுப்பு,
எங்கள் தொழிலில் தெரிந்த சங்கதி.
மோதிர விரலை மட்டும் தனியே தேடினேன்,
அந்தப் பிசிறை, அந்த 'டப்'பை.
பழக்க தோஷம்.
கடைசிவரை சிக்கவில்லை.

தேவதாரு,
பேசும்போதே நம் கையைப் பிடித்துக்கொள்கிற ஆள்.
வெளுப்பு,
தள்ளி நின்று சொல் சொல்லாய்ச் சொல்கிற ஆள்.
எனக்குப் பிடித்தது தள்ளி நின்றவர்தான்.
தடித்த கம்பிமேல் விரல் இடம் மாறும் அந்தச் சின்னக் கீச்சும்.
அது தப்பு என்றார்கள் பின்னால்.
இருந்துவிட்டுப் போகட்டும்.

கடைசிச் சுரத்தின்போது
மாங்கூழ் ஆலைக்கு லோடு ஏற்றிய லாரி வெளியே போனது.
கையை எடுக்காமல் காத்திருந்தாள்.
லாரி போய், அதன் பின்னால்
கம்பி இன்னும் இருந்தது.

முடிந்ததும் நேரே என்னிடம் வந்தாள்.
"பிடிக்கலையா அண்ணா?
அந்த நன்கொடைக் கல்வெட்டையே
படிச்சிட்டு இருந்தீங்க?"
நல்ல காதை மேடைக்குக் கொடுத்தவன் முகம்
சுவருக்குத்தானே போகும்.
கழுத்து வலித்தது.
காது கதையைச் சொல்ல வெட்கம்.
வாயில் வந்தது இதுதான்:
"ஏற்றுமதி ரகம்மா."
அவள் அண்ணனைப் பார்த்தாள்.
அவன் விளக்கினான், ரொம்ப நேரம்.

திங்கட்கிழமை.
முதல் பலகையைத் தட்டிவிட்டு நிற்கிறேன்.
"டங்கா டப்பாய்யா?"
சூப்பர்வைசர் கத்துகிறார்.
இரு சார்,
இன்னும் முடியலை.